கூட்டத்துக்கு நூறு மெதுவடை

என் தோழியின் இரண்டாவது பிரசவத்துக்கு அவள் அம்மாவுக்கு விசா கிடைக்கவில்லை. நாற்பது நாள் பத்தியச் சாப்பாடு நான்தான் சமைத்துக் கொண்டுபோனேன். அப்போது என் கணவர் உயிரோடு இருந்தார். கலிஃபோர்னியாவில், இதே ஃப்ரீமான்ட்டில் எங்களுக்கும் ஒரு வீடு இருந்தது. செய்ததைச் சொல்லிக் காட்டக் கூடாதுதான். சொல்லிக் காட்டுகிறேன். கோபம் இன்னும் தீரவில்லை.

அவருடைய ஆஸ்பத்திரி பில்லில் வீடு போயிற்று. நானும் மகளும் ஒருவருடைய கராஜைத் தடுத்துக் கட்டிய அறையில் வாடகைக்கு இருந்தோம். இட்லி மாவும் டிபனும் செய்து விற்றேன். வாங்கியவர்கள் எல்லாம் மில்லியன் டாலர் வீட்டுக்காரர்கள். மாவு பொங்கவில்லை என்றால் போட்டோ எடுத்து அனுப்புவார்கள்.

போன வருடம் வீட்டுக்காரர் வீட்டை விற்கப் போவதாகச் சொன்னார். மகளுக்கு ஹைஸ்கூல் முடிய இன்னும் இரண்டு வருடம் இருந்தது. இந்த ஊரில் வேறு அறை எங்கள் கைக்கு எட்டாது. வாடகை குறைவு என்று மலை தாண்டிப் போனால் அவள் பள்ளிக்கூடம் போச்சு.

அந்தச் சமயத்தில்தான், பக்கத்தில் மூடிக்கிடந்த ஒரு ஹோட்டலைச் சின்னச் சின்ன வீடுகளாக மாற்றி, சம்பாத்தியம் குறைந்தவர்களுக்குக் குறைந்த வாடகைக்குக் கொடுக்க நகர நிர்வாகம் திட்டம் போட்டது. இப்போதே பெயர் கொடுக்கலாம் என்றார்கள். என் தோழிதான் என்னைத் தன் டைனிங் டேபிளில் உட்கார வைத்து ஃபாரத்தை நிரப்பித் தந்தாள்.

"கவலப்படாத. உனக்குக் கண்டிப்பா கெடைக்கும்" என்றாள். நான் அழுதேன். அவளும் அழுதாள்.

மூன்று வாரம் கழித்து அவளிடமிருந்து ஆர்டர் வந்தது. "சிட்டி ஹால்ல சாயங்காலம் ஒரு மீட்டிங். நூறு மெதுவடை, ஃபிளாஸ்க்ல காபி. பார்க்கிங் லாட்டுக்கு வந்துடு."

என்ன மீட்டிங் என்று நான் கேட்கவில்லை. வடை என்றால் வடை, எனக்கென்ன.

தட்டுகளைத் தூக்க மகளும் வந்தாள். பார்க்கிங் லாட் முழுக்க என் வாடிக்கையாளர்கள், எல்லாருக்கும் ஒரே மாதிரி சிவப்பு டி-ஷர்ட். கையில் இருந்த அட்டைகளைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. ஹோட்டலை வீடாக்கக் கூடாது என்று சொல்ல வந்திருக்கிறார்கள். வடை நன்றாக இருக்கிறது என்று நாலு பேர் சொன்னார்கள்.

உள்ளே போய்க் கடைசியில் நின்றோம். என் தோழி மைக்கைப் பிடித்தாள். நாங்கள் உழைத்து வாங்கிய வீடுகள் இவை, எங்கள் குழந்தைகள் நடந்துபோகும் தெரு இது என்றாள். பிறகு, அங்கே குடிவரப் போகிறவர்கள் யாரென்றே எங்களுக்குத் தெரியாது என்றாள்.

"அம்மா, ஷி மீன்ஸ் அஸ்" என்றாள் மகள்.

வெளியே வந்ததும் தோழியைப் பிடித்தேன். "யாரு வரப்போறாங்கன்னு உனக்குத் தெரியாதா? ஃபாரத்துல என் பேர எழுதினதே நீதான?"

"ஐயோ, உன்னச் சொல்லலடி. நீ நம்ம ஆளு. மத்தவங்கள நெனச்சுப் பாரு. வீட்டு வேல்யூ விழுந்துடும்னு இவரு தூங்கவே மாட்டேங்கறாரு." என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உனக்கு என்ன வேணும்னாலும் கேளு. நான் பண்றேன்."

எனக்கு வேண்டியது என்ன என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் இந்த உலகத்தில் யாரும் கிடையாது. கையை உருவிக்கொண்டேன்.

அடுத்த மாதம் திட்டம் கைவிடப்பட்டது. சனிக்கிழமை தன் வீட்டில் பார்ட்டி, ஐம்பது பேருக்குக் கேசரி வேண்டும் என்று செய்தி அனுப்பினாள். முடியாது என்று எழுதி, அழித்தேன். மலைக்கு அந்தப் பக்கம் பார்த்து வைத்திருந்த அறைக்கு அட்வான்ஸ் கொடுக்க வேண்டியிருந்தது. ரோஷத்துக்கும் கையில் கொஞ்சம் காசு வேண்டும். நல்ல நெய் ஊற்றித்தான் கிளறினேன்.

கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, ஊரைவிட்டுப் போகிறோம் என்று சொன்னேன். அவள் முகம் வாடிவிட்டது.

"ஏண்டி அவ்ளோ தூரம் போற? இங்கயே எங்கயாவது பாத்திருக்கலாமே" என்றாள். நிஜமான அக்கறையோடுதான் கேட்டாள்.