தாமரைக்கு வாங்கிய ரோஸ்

பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கத்து ஸ்டேஷனரி கடையில் தூரிகை பார்த்துக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. கடை அண்ணாச்சி போனை வைத்துவிட்டு, "பெர்சிஸ் டீச்சர் காலையில தவறிட்டாங்களாம்மா" என்றார். கையிலிருந்த தூரிகையை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. முந்தின வாரம் ஆஸ்பத்திரியில் பார்த்தபோதுகூட, புதிதாக வந்திருக்கும் தூரிகையின் முடி உதிர்கிறதா என்று பார்க்கச் சொல்லித்தான் என்னை அனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பஸ் பிடித்துச் சேரன்மகாதேவி ஆற்றங்கரைக்கு வந்து, நம் ஓவியக் குழுவோடு உட்கார்ந்து வரைந்த டீச்சரை உங்களுக்குத் தெரியும். எனக்கு அவரைப் பள்ளிக்கூடத்திலும் தெரியும். அவர் அங்கே ஓவிய ஆசிரியை, நான் அலுவலகத்தில் கிளார்க்; மத்தியானம் சேர்ந்து சாப்பிடுவோம். வெளிநாட்டு வண்ணப் பெட்டியைப் போனில் பார்த்துப் பெருமூச்சு விடுகிற கூட்டம்தானே நாம். நம் கைக்கு எட்டுகிற விலையில் உருப்படியானது எது என்று தேடுவதை அவர் தன் வேலையாக எடுத்துக்கொண்டார். யாரும் அவரைக் கேட்கவில்லை. ஆனால் அவரைக் கேட்காமல் நாம் வாங்கினால் திட்டு மட்டும் நிச்சயம்.

தாள் வாங்க அவரோடு போவது எனக்குக் கூச்சம். மாதிரித் தாளின் மூலையை நாக்கில் வைத்துப் பார்ப்பார். "நாக்குல ஒட்டுச்சுன்னா தண்ணிய அப்படியே குடிச்சிரும், எடுக்காத" என்பார். அண்ணாச்சி சைவக்காரர், எச்சில் விஷயத்தில் கறார். "டீச்சர், கடைச் சரக்கு பூரா எச்சியாயிட்டுன்னா நான் யாருக்கு விக்க?" என்று ஒருநாள் நொந்துகொண்டார். அடுத்த முறை போனபோது, ஒவ்வொரு தாளிலும் ஒரு துண்டு வெட்டித் தனி டப்பாவில் போட்டு வைத்திருந்தார். டீச்சர் வருகிறார் என்றால் டப்பா மேசைக்கு வந்துவிடும். நமக்கு வாய்த்த நல்ல தாளெல்லாம் அந்த டப்பா வழியாக வந்ததுதான்.

வண்ணத்துக்கு நாக்கு உதவாது, வெயில்தான். புது வண்ணத்தைத் தாளில் பட்டையாகத் தீட்டி, பாதியைக் கறுப்புத் தாளால் மூடி, மேற்கு ஜன்னலில் ஒட்டிவிடுவார். கொஞ்ச நாள் கழித்து மூடியதைப் பிரித்தால் இரண்டு பாதியும் ஒன்றாக இருக்க வேண்டும். "பெட்டியில என்னமும் எழுதுவான். வெயிலு பொய் சொல்லாது" என்பார். அவர் கணவர் தாசன் சார், "எங்க வீட்ல வெளிச்சத்துக்கு மட்டும் இடமில்ல" என்று வருகிறவர்களிடமெல்லாம் குறைப்பட்டுக்கொள்வார்.

அப்படிப்பட்டவர்தான் என் முதல் புத்தகத்தில் கோட்டை விட்டார். குளத்துக் கொக்கைப் பற்றிய ஒரு குழந்தைக் கதைக்குப் படம் வரைய எனக்கு வாய்ப்பு வந்திருந்தது. பக்கத்துக்குப் பக்கம் தாமரை. மலிவான ஒரு ரோஸ் வண்ணத்தை ஜன்னலில் ஒட்டிப் பார்த்து, "தைரியமா வாங்கு" என்றார். நான் வரைந்து முடித்து, வெயில் விழும் கூடத்துச் சுவரில் வரிசையாக மாட்டினேன். பங்குனியில் ஒருநாள் நிமிர்ந்து பார்த்தால் கொக்கும் இலையும் அப்படியே இருக்கின்றன, பூவெல்லாம் சுண்ணாம்பு நிறமாகிவிட்டது. சித்திரை பிறந்ததும் படங்களைக் கொடுக்காவிட்டால் வேறு ஆளைப் பார்ப்பதாகப் பதிப்பகத்தார் சொல்லியிருந்தார்கள். ஐம்பதை நெருங்கும் கிளார்க்கை இன்னொரு முறை யார் தேடி வருவார்கள்? எனக்கு டீச்சர்மேல் கோபம்கூட வரவில்லை, அழுகைதான் வந்தது.

போனில் சொன்னதும் ஆட்டோ பிடித்து வந்துவிட்டார். படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "ஏட்டி கோமதி, நான் இத ஐப்பசியிலல்லா ஒட்டிப் பாத்தேன். அடமழை. வெயிலே இல்லாம பாத்துட்டு உனக்கு வாங்கச் சொல்லிட்டேன்" என்றார். பிறகு கைப்பையிலிருந்து ஒரு சின்ன ட்யூபை எடுத்தார். மகள் வெளிநாட்டிலிருந்து கொடுத்தனுப்பிய அசல் ரோஸ். ஓய்வு பெற்றதும் தனக்கென்று ஒரு படம் வரைய வேண்டும் என்று, அதுவரை திறக்காமல் வைத்திருந்தது.

"உங்க படத்துக்கு வேண்டாமா டீச்சர்?"

"எனக்கு என்ன அவசரம்? யாரு கேக்கா? நீ தண்ணி கொண்டா. பையப் பையப் போடுவோம், மேல மேல போட்டா ஏறிக்கிடும்."

கெடு வரும்வரை பள்ளிக்கூடம் விட்டதும் என் வீட்டுக்கே வந்தார். மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து ஆளுக்குப் பாதிப் பூவாகத் திரும்பத் தீட்டினோம். என் கை எப்படிப் போகிறது என்று அவ்வப்போது எட்டிப் பார்த்து, அதே மாதிரி தன் கையையும் மாற்றிக்கொண்டார். ட்யூப் முழுவதும் தீர்ந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆற்றங்கரையில், நடந்ததை அவரே உங்களிடம் சொல்லி, அந்த ரோஸை இனி யாரும் தொடக் கூடாது என்றார். புத்தகம் வந்தது. உள்ளே அவர் பெயரைப் போட நான் கேட்டதற்கு, "ஏட்டி, போயி சோலியப் பாரு" என்று சொல்லிவிட்டார். தனக்கென்று நினைத்திருந்த படத்தை அவர் கடைசிவரை வரையவில்லை.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் அந்தப் புத்தகத்தை எடுத்தேன். அவர் தீட்டிய பூக்களை மட்டும் ஒரு தடவை பார்க்க வேண்டும் போலிருந்தது. பக்கம் பக்கமாகத் தேடினேன். எது என் பூ, எது அவர் பூ என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. அத்தனை பூவையும் டீச்சருடையதாகவே வைத்துக்கொண்டேன்.