என் தொண்டைக்கு இறங்கிவந்த பாட்டு

என் குரல் கட்டைக் குரல். பள்ளியில் பிரேயர் பாட்டுக்குப் பெண்களைப் பொறுக்கிய டீச்சர், நான் முதல் வரியைப் பாடியதுமே நிறுத்தினார். "நீ பின்வரிசையில நில்லு. வாயை மட்டும் அசை" என்றார். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புவரை வாயை மட்டும் அசைத்தேன். இதை எழுதும்போதுகூடக் கோபம் வருகிறது. வரட்டும்.

என் நைனா சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் லோடு ஏற்றும் வேலை பார்த்தார். தொண்ணூறுகளின் கடைசியில் ஒருநாள், பழைய இரும்போடு வந்து சேர்ந்த டேப் ரெக்கார்டர் ஒன்றை முதலாளி அவரிடம் தூக்கிக் கொடுத்துவிட்டார். கைப்பிடி உடைந்திருந்தது. உள்ளே ஒரு கேசட் மாட்டிக்கொண்டிருந்தது. மேலே ஒட்டிய தாள் கிழிந்துபோய், யார் பாட்டு, என்ன பாட்டு என்று ஒன்றும் தெரியவில்லை. திருவொற்றியூரில் எங்கள் ஒற்றை அறை வீட்டில் பிளக்கைச் சொருகியதும் அது பாட ஆரம்பித்தது.

முதலில் மேளம். மனுஷன் அடிக்கிற மேளமில்லை, மிஷின் அடிக்கிறது. களைப்பு இல்லை, சந்தோஷமும் இல்லை, ஒரே சீராக டொக்கு டொக்கு என்று போனது. அதன்மேல் கீபோர்டு கண்ணாடி வளையலைக் குலுக்கினாற்போல் வந்தது. பிறகு ஓர் ஆண் குரல், அடித்தொண்டையிலிருந்து. நம் சினிமாப் பாட்டில் காதலிக்கிறவன் எப்படியெல்லாம் கெஞ்சுவான்! இவன் கெஞ்சவே இல்லை. இருந்தால் இரு, போனால் போ என்று பாடினான். எனக்கு இங்கிலீஷ் பரீட்சைக்கு மட்டும்தான் தெரியும். வார்த்தை ஒன்றும் புரியாமலேயே அந்தப் பாட்டு எனக்குப் பிடித்துவிட்டது.

நைனா தன் பங்குக்கு ஒரு பழைய சினிமாக் கேசட்டைப் போட்டார். டூயட் பாடிய இரண்டு பேரும் காய்ச்சலில் படுத்துக்கொண்டு பாடுவதுபோல இழுத்தது. கொஞ்சநேரம் யோசித்துவிட்டு அவர் தீர்ப்புச் சொன்னார்.

"இது ஃபாரின் மிஷினும்மா. நம்ம பாட்டு இதுக்கு ஒத்துக்கல. இங்கிலீஸ்காரன் பாட்டத்தான் ஒழுங்கா பாடும்."

வீட்டில் எல்லோரும் நம்பினோம். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். அந்தத் தீர்ப்பால் டேப் ரெக்கார்டர் எனக்கே எனக்கு என்று ஆனது.

அதன்பிறகு பாரிமுனைப் பக்கம் போகும்போதெல்லாம் நடைபாதையில் பழைய கேசட் விற்பவரிடம் நிற்பேன். கேட்கப் பெயர் தெரியாது. அவர் பலகையில் விரலால் அந்த மேளத்தைத் தட்டிக் காட்டினேன். அவர் தலையை ஆட்டினார்.

"எம்பதுல வந்த சரக்கு. நியூ வேவுன்னு சொல்லுவாங்கோ. இப்ப எவனும் சீண்ட மாட்றான். நீ எடுத்துக்கினு போ."

மாசத்துக்கு ஒன்றாகச் சேர்த்தேன். ஒன்றில் சோகத்தைப் பாடுவார்கள், கால் மட்டும் தானாக ஆடும். இன்னொன்றில் பாடகன் கடைசிவரை சிரிக்கவே மாட்டான். அட்டைகளில் ஆண்கள் முடியைக் கோபுரமாக நிறுத்தி, கண்ணுக்கு மை தீட்டியிருந்தார்கள். அம்மா ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்தாள். "இன்னாடி இவன், என்னவிட நல்லா மை வச்சிக்கினு கீறான்" என்றாள்.

எங்கள் மிஷினில் எல்லாருமே தடித்த குரலில் நிதானமாகப் பாடினார்கள். அந்தக் குரல் என் குரல் இருக்கும் இடத்திலேயே இருந்தது. ஆறாம் வகுப்புக்குப் பிறகு முதல்முறையாக வாயைத் திறந்து பாடினேன். வாசலில் அம்மாவின் வடைக்கடை. அங்கே நின்ற ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்துக் கேட்டார், "இன்னாக்கா, வூட்ல யாராவது பூட்டாங்களா?"

"எம்பொண்ணு பாடுது. உனக்கு வடை வேணுமா, வாணாமா?"

ஊருக்குள்ளே பெரிய காலேஜ் ஒன்றில் இடம் கிடைத்தது. அங்கே நான் அளந்து அளந்துதான் பேசுவேன். 'கீது' என்று நாக்கு வரைக்கும் வந்ததை விழுங்கிவிட்டு 'இருக்கு' என்பேன். வெஸ்டர்ன் மியூசிக் குழுவுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று நோட்டீஸ் ஒட்டியதும் பேர் கொடுத்தேன். அந்தக் குழுவில் சேர வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை. என் முதல் கேசட்டின் முதல் பாட்டைப் பாடினேன். பாதியிலேயே சிரிப்பு எழுந்தது. தேர்வு நடத்திய மூன்றாம் வருஷத்துப் பையன் கையை உயர்த்தினான்.

"இது ஒரு பொண்ணு பாடின பாட்டு. நீ ஏன் ஆம்பளை மாதிரி பாடுற? அதுவும் இவ்வளவு ஸ்லோவா. எங்க கத்துக்கிட்ட?"

வீட்டு டேப் ரெக்கார்டரில் என்றேன்.

"பெல்ட் லூஸா இருக்கும். அதான் இழுக்குது. டேப் மெதுவா ஓடினா பொண்ணு குரலும் ஆம்பளைக் குரலாயிடும்."

அவன் கெட்டவன் இல்லை. தன் வாக்மேனையும் அதே பாட்டு இருந்த கேசட்டையும் கொடுத்தான். "திங்கட்கிழமை வா. இதுல இருக்கிற மாதிரியே பாடணும். மூணு நிமிஷம்தான் டைம். பெல் அடிச்சா நிறுத்திடணும்."

பஸ்ஸில் கேட்டேன். பெண்ணேதான். உச்சத்தில் நின்று வேகமாகப் பாடினாள். வீட்டுக்கு வந்து அந்த உயரத்துக்கு முயற்சி செய்தேன். தொண்டை கிழிந்தது, குரல் ஏறவில்லை. சரியான வேகத்தில் அந்தப் பாட்டிலும் எனக்கு இடமில்லை, பின்வரிசைதான். உட்கார்ந்து அழுதேன்.

அம்மா மாவுக் கையோடு வந்து, "எங்க, வையி" என்று காதைக் காட்டினாள். இரண்டு வரி கேட்டாள்.

"யாரோ தொரத்திகினு வர மாறி ஓடுதே இந்தப் பொண்ணு. இது இன்னா பாட்டு?"

"நம்ம பாட்டுதாம்மா. இதுதான் கரெக்டாம்."

"நம்ம பாட்டு இது இல்ல. நம்மள்தப் போடு, வெங்காயம் உரிக்கணும்."

போட்டேன். அவள் வெங்காயத்தை உரித்துக்கொண்டே கூடவே முனகினாள், ஓர் இடம் தப்பாமல். இரண்டு வருஷமாக அவளும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். விஷயம் தெரிந்ததும் நைனாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. "நாளிக்கே பெல்ட்ட மாத்தி எடுத்தாறேன்" என்றார்.

"வாணாம் நைனா" என்றேன்.

திங்கட்கிழமை மேடையில் கீபோர்டுப் பையன் வேகமாக ஆரம்பித்தான். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். மைக் கம்பியில் விரலால் என் வேகத்தில் தட்டிக்கொண்டு, என் குரலில் தொடங்கினேன். மூன்று நிமிஷத்தில் பெல் அடித்தது. என் வேகத்துக்கு அந்தப் பாட்டு நாலு நிமிஷம். கடைசிச் சரணம் பாக்கி இருந்தது. மறுபடியும் அடித்தார்கள். போன தடவை சிரித்தவர்கள் அங்கேயேதான் இருந்தார்கள். மூன்றாவது தடவை பெல்லை விடாமல் அழுத்தினார்கள். அதற்கு மேலே பாடினேன். பெல் நின்ற பிறகும் எனக்கு இரண்டு வரி மிச்சமிருந்தது. அதையும் பாடி முடித்துவிட்டுத்தான் இறங்கினேன்.

மறுநாள் ஒட்டிய பட்டியலில் என் பேர் இல்லை. மேலிருந்து கீழே இரண்டு தடவை தேடிப் பார்த்தேன். வாக்மேனைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அவன் குழு மொத்தமும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது.

"நான் கொடுத்த ஒரிஜினலைக் கேட்டியா, இல்லையா?" என்றான்.

"கேட்டேன். நல்லாத்தான் கீது" என்றேன். "ஆனா என்னுது அத்தவிட நல்லா கீது."