சொதிப் பந்தியும் கணக்குப் பேராசிரியரும்

தொண்ணூறுகளில், பாளையங்கோட்டையில் என் தங்கை கல்யாணத்தில்தான் அந்தக் கணக்குப் பேராசிரியரைச் சந்தித்தேன். மாப்பிள்ளையின் ஆசிரியர். கசங்கிய ஜிப்பா, ஓயாமல் ஒரு ரூபாய்க் காசைச் சுண்டும் விரல்.

கல்யாணத்துக்குப் பிறகு மறுவீட்டு விருந்தில் எங்கள் பக்கம் தேங்காய்ப்பால் குழம்பான சொதிதான் பிரதானம். அந்தச் சாப்பாட்டுக்கு இரண்டு கூடங்கள். எங்கள் சொந்தத்தில் ஐந்தைந்து பேராகப் பத்துக் கோஷ்டிகள். பலர் இரண்டு மூன்று கோஷ்டிகளில் இருப்பார்கள். ஒரு கோஷ்டி முழுதாக ஒரே கூடத்தில் உட்கார்ந்தால், சொதியில் குற்றம் கண்டுபிடித்து இலையை விட்டு எழுந்துவிடும். எப்படிப் பிரிப்பது என்று அவரிடம் புலம்பினேன்.

“ஒவ்வொருத்தருக்கும் காசைச் சுண்டிக் கூடத்தை முடிவு பண்ணுதோம்னு வையும். முதல் ஆள் எந்தக் கூடத்துல விழுந்தாலும் மத்த நாலு பேரும் அங்கேயே விழணும்; ஒரு கோஷ்டி ஒண்ணாச் சேர வாய்ப்பு பதினாறுல ஒண்ணு. பத்துக் கோஷ்டிக்கும் கூட்டினாலும் பதினாறுல பத்துதான். எப்படிப் பிரிச்சாலும் ஒரு கோஷ்டியாவது சேரும்னா இது ஒண்ணாவது வந்திருக்கணும். முழுசா ஒண்ணு வரலைல்லா? அப்போ ஒரு கோஷ்டியும் சேராத பிரிவினை நிச்சயம் இருக்குவே!”

“எது சார்?”

“அது எனக்கென்ன தெரியும்?”

நானே மூளையைக் கசக்கிப் பிரித்தேன். ஒரு கோஷ்டி சேர்ந்துவிட்டது. தேங்காய்ப்பால் தண்ணி என்று எழுந்தது. தங்கை அழுதாள். எல்லோருக்கும் நிஜமாகவே காசு சுண்டி இரண்டு மூன்று தடவை பிரித்துப் பார்த்திருந்தால் அநேகமாகச் சரியான பிரிவினை சிக்கியிருக்கும் என்பதை அந்த மகான் பாயசம் குடித்த பிறகுதான் சொன்னார்.

வாசலில் செருப்புக் குவியலைப் பார்த்து விழித்துக்கொண்டு நின்றார்.

“உங்க செருப்பு இதுக்குள்ள நிச்சயம் இருக்கு சார். எதுன்னு எனக்கென்ன தெரியும்?” என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. “இப்பதான்வே உமக்குப் புரிஞ்சிருக்கு!” என்று முதுகில் தட்டிவிட்டு, கொதிக்கிற தார் ரோட்டில் வெறுங்காலோடு சந்தோஷமாக நடந்தார்.

எல்லோரும் போனபின் ஒரே ஒரு ஜோடி மிஞ்சியது. எது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கொண்டுபோய்க் கொடுக்கத்தான் மனம் வரவில்லை.