அக்கா கேட்ட கையெழுத்து

எங்கள் அக்கா இறைவனில் இளைப்பாறி ஓராண்டு நிறைகிறது. அவர்களின் பெருமைகளை மட்டும் எழுதினால் போதும் என்று உறவினர்கள் சொன்னார்கள். எனக்கு அது முடியவில்லை.

அக்கா பிறந்தது கோத்தகிரி அருகே ஒரு சிற்றூரில். அத்தான் இளவயதிலேயே தவறிவிட, கைக்குழந்தையோடு திரும்பி வந்து, அப்பாவின் சரிவு நிலத்தில் கேரட்டும் பீன்ஸும் போட்டார்கள். நான் வெலிங்டனில் வேலைக்குப் போய்விட்டேன். அப்பா காலமானதும் பட்டா என் பெயருக்கு மாறியது. அக்காவை யாரும் கேட்கவில்லை. நானும்தான்.

பூச்சிமருந்தடிக்கும் பெண்களின் கைகள் வெந்துபோவதைப் பார்த்து, அக்கா மருந்தையே நிறுத்தினார்கள். சாணமும் இலைமக்கும் போட்டார்கள். மழையில் மண் கரையாமலிருக்க சரிவின் குறுக்கே வரப்பு கட்டினார்கள். இரண்டு விளைச்சல் படுத்தது, ஊர் சிரித்தது. மூன்றாவது தேறியதும் ஆறு பெண்கள் அவர்களோடு சேர்ந்தார்கள்.

இயற்கை விவசாயச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கப் போனார்கள்.

“பட்டா யார் பேர்லம்மா?” என்றார் அதிகாரி.

“என் தம்பி பேர்லீங்க.”

“அப்ப விவசாயி அவர்தான். அவரைக் கூட்டிட்டு வாங்க.”

அன்று மாலையே அக்கா என் குவார்ட்டர்ஸுக்கு வந்தார்கள். “நீ மம்பட்டியத் தொட்டதே இல்ல. ஆனா விவசாயி நீதானாம். என் பங்கை எம்பேருக்கு எழுதிக் குடு, சாமி.”

“லீவு கெடைக்கட்டுங்க்கா,” என்றேன்.

லீவு கிடைத்தது. கல்யாணங்களுக்குப் போனேன், வேளாங்கண்ணிக்குப் போனேன். பத்திர ஆபீசுக்குப் போகவில்லை. “பொம்பளைக்கு எழுதுனா நாளைக்கு யார் கைக்குப் போகுமோ!” என்று பெரியப்பா சொன்னது என்னைத் தடுத்தது. அவர் மீது பழி போட மாட்டேன். அவர் பேச்சைக் கேட்டு நடந்தது நான்.

சான்றிதழ் இல்லாததால், அக்காவின் கேரட் மருந்தடித்த கேரட்டோடு ஒரே குவியலில் மண்டிக்குப் போனது. அந்த ஆறு பேரில் மூன்று பெண்கள் வெறுத்துப்போய் மருந்தடிக்கும் கூலிக்கே திரும்பினார்கள். அக்கா அதன்பின் என்னிடம் கேட்பதை நிறுத்திவிட்டார்கள்.

புற்றுநோய் முற்றி, கோவை ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதுதான், “எழுதிக் குடுக்கறேங்க்கா,” என்றேன்.

“எனக்கு இனி எதுக்குடா? பாப்பா பேருக்கு எழுது.”

போன மாதம் அக்கா மகளுக்கு எழுதிக் கொடுத்தேன். என் கையெழுத்துக்குச் சில நிமிடங்களே ஆயின. வெளியே வந்ததும் அவள் சொன்னாள்: “அம்மா உசுரோட இருக்கறப்பவே போட்டிருக்கலாமுங்க, மாமா.”



கடைசிவரை அக்காவைக் குளிப்பாட்டி, ஊட்டிவிட்ட, அவரை விட்டுப் போகாத மற்ற மூன்று பெண்களுக்கும், ஆஸ்பத்திரி சிஸ்டர்களுக்கும், பங்குத்தந்தைக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அந்த மூன்று பெண்களும் அக்கா மகளோடு சேர்ந்து சான்றிதழுக்குப் புதிதாக விண்ணப்பித்திருக்கிறார்கள். விவசாயி என்ற இடத்தில் இம்முறை என் பெயர் இல்லை. அக்காவின் பெயரும் இல்லை.