பிழைகளின் சொந்தக்காரர்களைத் தேடித் திருவனந்தபுரத்துக்கு

ஆனி மாதம், திங்கட்கிழமை. காலை ஆறரை மணி வண்டியில் திருநெல்வேலியிலிருந்து புறப்பட்டேன். திருவனந்தபுரம் வரை மூன்றாம் வகுப்புக் கட்டணம் இரண்டு ரூபாய் ஐந்தணா. தென்காசியில் வண்டி மாறவேண்டும். ஒரு துணிப்பை, ஒரு குடை, பழைய செய்தித்தாளில் சுற்றிய ஒரு கட்டுப் புரூப். கொண்டுபோன சாமான் இவ்வளவுதான். அந்தக் கட்டை மடியில் வைத்துக்கொண்டேன். ஊர் பார்க்கப் போகிற சந்தோஷம் எனக்கு இல்லை. ஒரு தப்பை ஒப்புக்கொள்ளப் போய்க்கொண்டிருந்தேன்.

நான் ஓர் அச்சகத்தில் பதினாறு வருஷமாகப் புரூப் பார்க்கிறவன். திருவனந்தபுரம் கோட்டைக்குள் குடியிருக்கும் ராமசேஷய்யர் என்ற பள்ளி ஆசிரியர் ஒரு புத்தகம் அச்சிடக் கொடுத்திருந்தார். இங்கிலீஷில் நம்மவர்கள் செய்யும் பிழைகளைத் தொகுத்த புத்தகம். இடது பத்தியில் பிழையான வாக்கியங்கள் நூற்றிருபது. வலது பத்தியில் அவற்றின் திருத்தம். எங்கள் அச்சகத்தில் இரண்டு பத்திகளையும் தனித்தனியாக அச்சுக் கோத்தார்கள். தலைப்பு இல்லாத இடது பத்தியின் புரூப் முதலில் என் மேஜைக்கு வந்தது. எதற்காக என்று கேட்காமல், வரிக்கு வரி திருத்தித் தள்ளினேன். அடுத்த வாரம் வலது பத்தி வந்தது. அதில் ஒரு பிழையும் இல்லை. மனசுக்குள் ஆசிரியரை மெச்சிக்கொண்டேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கட்டியபோதுதான் தெரிந்தது, இரண்டு பத்தியிலும் ஒரே வாக்கியங்கள். பிழை என்று ஒன்றுகூட மிச்சமில்லை.

கைப்பிரதியைப் பார்க்கலாம் என்றால், கூரை ஒழுகி அது கூழாகிப் போயிருந்தது. நான் திருத்திய பழைய புரூபையோ யாரோ மசி துடைக்க எடுத்துவிட்டார்கள். பாடப்புத்தகக் கமிட்டிக்கு மாதக் கடைசிக்குள் புத்தகம் போயாகவேண்டும். "நீரே போய் வாங்கிட்டு வாரும். இல்லேன்னா அங்கேயே இருந்துக்கிடும்" என்றார் முதலாளி.

செங்கோட்டை தாண்டியதும் மலை ஏறத் தொடங்கினோம். ஆரியங்காவுக் குகைக்குள் வண்டி நுழைந்தபோது பெட்டிக்குள் இருட்டும் புகையும் நிறைந்தன. வெளியே வந்தால் வேறு உலகம். மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து எங்களோடு உட்கார்ந்தது. மரங்கள் எங்கே முடிகின்றன, மழை எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியவில்லை. கண் சொருகியது. அரைத் தூக்கத்தில் நான் அடித்துப்போட்ட வாக்கியங்கள் ஒவ்வொன்றாக ஓடைக்கரையில் நனைந்துகொண்டு நிற்பதுபோல் இருந்தது.

கொல்லத்தில் ஏறிய ஒரு முந்திரி வியாபாரி எதிரே அமர்ந்தார். "சார் எங்ஙோட்டா?" என்று கேட்டுவிட்டு, நான் விழிப்பதைப் பார்த்துத் தமிழுக்கு மாறினார். "திருவனந்தபுரத்துக்கா? அவிடெ ஒருபாடு மழையாக்கும். குடை உண்டுமில்லே?"

ஒருபாடு என்றால் நிறைய என்று ஊகித்துக்கொண்டேன். இந்தத் தமிழை அச்சில் பார்த்திருந்தால் என் பேனா சும்மா இருந்திருக்காது. கழக்கூட்டம் ஸ்டேஷனில் தென்னந்தோப்பு முழுவதும் தண்ணீரில் தலைகீழாகத் தெரிந்தது. மாலை ஆறு மணிக்குத் திருவனந்தபுரம் வந்து சேர்ந்தோம். பிரிட்டிஷ் ரூபாய் ஒன்றுக்கு இருபத்தெட்டரைச் சக்கரம் வீதம் திருவிதாங்கூர்க் காசு மாற்றிக்கொண்டு, பழவங்காடிப் பிள்ளையார் கோவிலுக்குப் பக்கத்தில் ஒரு விடுதியில் நாளொன்றுக்கு ஆறு சக்கரத்துக்கு அறை எடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை விடியலில் கோவில் முன் தேங்காய் உடைபடும் சத்தத்தில் கண் விழித்தேன். எட்டு மணிக்குக் கோட்டை வாசலுக்குள் நடந்தேன். ராமசேஷய்யருக்கு வயது ஐம்பதுக்குள் இருக்கும், ஒடிசலான தேகம். முன் அறையில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, புரூபை வாங்கி நிதானமாகப் படித்தார். அவர் மனைவி பகவதி அம்மாள் காபி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

"எல்லாம் சரியா இருக்கே, பிள்ளைவாள்" என்றார் அய்யர்.

"அதான் சார் தப்பு" என்றேன்.

இடது பத்தியை இன்னொரு தரம் பார்த்தார். முகம் மெல்ல மாறியது. நடந்ததை எல்லாம் சொன்னேன். திட்டுவார் என்று தலைகுனிந்திருந்தேன். அவர் புரூபை மடித்து வைத்தார்.

"நகல் வெச்சுக்கலை. ஆனா நூத்திருபதும் நான் சிருஷ்டி பண்ணினது இல்லை, கேட்டேளா. ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஆள் உண்டு. அவா பேசினதையும் எழுதினதையும் குறிச்சு வெச்சுண்டதாக்கும். ஆளைப் பார்த்தா வாக்கியம் ஓர்மை வந்துடும். வாங்கோ, போகலாம்."

இரண்டு குடைகளின் கீழ் ஊரைச் சுற்றினோம். அப்படி ஒரு நாளை நான் அதற்கு முன் கண்டதில்லை. மழை விடுவதும் பிடிப்பதுமாக இருந்தது. சிவந்த மண்ணில் வண்டித் தடங்களில் தண்ணீர் ஓடியது. யாரைக் கண்டாலும் அய்யர் நின்று, நலம் விசாரித்து, பேச்சை மெதுவாக இங்கிலீஷுக்குத் திருப்புவார். அரசாங்கக் காரியாலயமான ஹஜூர் கச்சேரி வாசலில் ஒரு குமாஸ்தா, தம்முடைய சொந்த ஊரை எனக்குச் சொன்னார்: "ஐ ஆம் பிலாங்கிங் டு நெய்யாற்றின்கரை." அய்யர் கண்ணைச் சிமிட்ட, நான் குடைக்குள் குனிந்து எழுதிக்கொண்டேன். பழவங்காடியில் ஓர் இன்ஷூரன்ஸ் ஏஜெண்டு, "ஒன் மை ஃபிரெண்ட் இஸ் கமிங்" என்று யாருக்காகவோ காத்திருந்தார். என் சிநேகிதர் ஒருவர் என்பதை அப்படியே தூக்கி இங்கிலீஷில் வைத்திருந்தார். முந்தாநாள் வரை இதைக் கேட்டால் எனக்குப் பல் கூசியிருக்கும். இப்போதோ, தொலைந்த பசுக்களை ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்கிறவனைப்போல் மனம் குளிர்ந்தேன். மாலைக்குள் அறுபத்துமூன்று சேர்ந்தன.

புதன்கிழமை பத்து மணிக்கு ஆரியசாலை. சந்து முழுவதும் சுக்கும் மிளகும் மழையில் நனைந்த சாக்கும் மணத்தன. ஆறுமுகம் பிள்ளை அங்கே மலைச்சரக்கு மொத்த வியாபாரம் செய்கிறவர். எங்கள் ஜில்லாவிலிருந்து வந்து இருபது வருஷமாக இங்கேயே இருக்கிறார். ராமசேஷய்யருக்கு உயிர்ச் சிநேகிதர். அவர் எழுதி அனுப்பிய வியாபாரக் கடிதங்களின் நகலைப் படித்துப் பார்ப்பது அய்யருடைய ஞாயிற்றுக்கிழமை வழக்கமாம். கடித நகல் புத்தகம் வேண்டும் என்றதும் சந்தோஷமாக எடுத்துக் கொடுத்தார். நான் பிரித்த பக்கத்திலேயே ஒன்று இருந்தது: "யுவர் லெட்டர் ஐ ஹாவ் ரிசீவ்ட் யெஸ்டர்டே இட்செல்ஃப்." நேற்றே வந்துவிட்டது என்பதைத்தான் அப்படி எழுதியிருந்தார்.

"எதுக்கு இப்பம் இதெல்லாம்?" என்று பிள்ளை என்னைக் கேட்டார்.

"தப்பு வாக்கியம் பொறுக்க வந்தோம்" என்று சொல்லிவிட்டேன். அய்யர் என் கையைப் பிடிப்பதற்குள் வார்த்தை வெளியே போய்விட்டது.

பிள்ளை புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கி மூடினார். "ஓய் அய்யரே, ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை என் கடுதாசியைப் படிச்சது இதுக்குத் தன்னேயா?"

"பிள்ளைவாள், பேர் போடலை..."

"பேர் எதுக்கு? எழுதுனவனுக்குத் தெரியாதா? இந்த இங்கிலீஷை வச்சுத்தான் பம்பாய்க்கும் லிவர்ப்பூலுக்கும் எழுதுதேன். ஒரு மூடை மாறி வந்தது உண்டுமா? அவனுக்கு வெளங்குது, எனக்கு வெளங்குது. பின்னே தப்பு ஆருக்கு?" பிறகு தணிந்த குரலில் சொன்னார்: "பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்னைப் பார்த்துச் சிரிக்கவா போட்டீரு?"

அய்யர் மழையில் இறங்கி நடந்தார். சந்தைத் தாண்டிக் கோட்டை வாசல் வரும்வரை அவர் குடையை விரிக்கக்கூட இல்லை. நான் என் குடையை அவர் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தேன். நல்ல சிநேகத்தை என் வாயால் முறித்துவிட்டேன்.

வீட்டில் பகவதி அம்மாள் துண்டு கொடுத்தார். கணவர் முகத்தைப் பார்த்து விசாரித்தார். அய்யர் எல்லாவற்றையும் சொன்னார்.

"ஆறுமுகம் பிள்ளையோடது மட்டுந்தானா? வேறே யாரோடதெல்லாம் இருக்கு?"

அய்யர் தலையைத் துவட்டிக்கொண்டே இருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "பதினேழாவது ஞாபகம் இருக்கோ?" என்றார்.

இருந்தது. அதைத் திருத்தத்தான் நான் அதிகம் திண்டாடினேன். "ஐ ஆம் ஆல்வேஸ் ரிமெம்பரிங் யூ ஒன்லி" என்று இருந்தது. அந்தக் கடைசி வார்த்தையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அடித்துவிட்டேன். எப்போதும் உன்னை நினைக்கிறேன் என்று பொருள்படும்படி, நல்ல இலக்கணத்தில், மிச்சத்தை எழுதினேன். இதை அவர்களிடம் சொன்னேன்.

"அது நான் எழுதினதுன்னா" என்றார் பகவதி அம்மாள்.

இருபத்தைந்து வருஷத்துக்கு முன், கல்யாணமான புதிதில், அய்யர் சென்னையில் படித்தாராம். தபாலிலேயே மனைவிக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்திருக்கிறார். அந்த அம்மாள் இங்கிலீஷில் எழுதிய முதல் கடிதத்தின் வாக்கியம் அது.

"அதிலே என்ன தப்பு?" என்று அவர் கோபமில்லாமல் கேட்டார். "உங்களையேதான் நினைச்சுண்டிருக்கேன்னு சொல்லணும். அந்த 'ஏ'யும் 'தானும்' இங்கிலீஷிலே எங்கே இருக்கு? ஒரு வார்த்தை கிடைச்சது, கடைசியிலே வெச்சேன். அதை எடுத்துட்டா, நாலு பேரை நினைக்கறதோட உங்களையும் நினைச்சேன்னு ஆயிடாதோ?"

பதினாறு வருஷத்தில் எத்தனை பேருடைய கடைசி வார்த்தையை இப்படி எடுத்திருப்பேன்!

அய்யர் மனைவி பக்கம் திரும்பினார். "அந்தப் பிழையாலேதான் நான் இந்தத் தொகுப்பையே ஆரம்பிச்சேன்" என்றார். "அப்போ அதைப் பிழைன்னு நினைக்கலை. அழகா இருக்குன்னு எழுதி வெச்சுண்டேன். பின்னே எப்பிடியோ வாத்தியார் புத்தி வந்துடுத்து."

பேனாவை எடுத்தார். புரூபின் மேல் 'பிழை' என்றும் 'திருத்தம்' என்றும் அச்சாகவேண்டிய இடங்களில் இங்கிலீஷில் வேறு தலைப்புகளை எழுதினார். 'இங்கே சொல்வது' என்பது இடது பக்கம். 'பரீட்சையில் எழுதவேண்டியது' என்பது வலது பக்கம்.

"கமிட்டி ஒத்துக்கிடுமா சார்?"

"ஒத்துக்காது" என்றார்.

வியாழக்கிழமை காலை, சரக்கு வண்டிகள் வரும் முன்பே ஆரியசாலைக்குப் போனோம். ஆறுமுகம் பிள்ளை எங்களைக் கண்டும் காணாததுபோல் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார். அய்யர் காகிதத்தை அவர் முன் வைத்துவிட்டு, "தப்பு எனக்காக்கும், பிள்ளைவாள். உம்ம வாக்கியம் வேண்டாம்னா எடுத்துடறேன்" என்றார்.

பிள்ளை தலைப்புகளை எழுத்துக்கூட்டி இரண்டு தரம் படித்தார். "இதிலே தப்புன்னு எங்கேயும் காணலியே."

"இல்லை. இனி இருக்காது."

பிள்ளை எழுந்துபோய் நகல் புத்தகத்தைக் கொண்டுவந்தார். அதை என்னிடம் தரவில்லை. தாமே பிரித்து வைத்துக்கொண்டார். "எழுதிக்கிடும்" என்று சொல்லிவிட்டு உரக்க வாசிக்கத் தொடங்கினார். சாமான் வாங்க வந்த இரண்டு பேர் நின்று கேட்டார்கள். அவருக்கு அதில் வெட்கம் இருந்ததாகத் தெரியவில்லை. பிறகு மற்றவர்களையும் தேடிப்போய்ப் பார்க்க, மாலைக்குள் நூற்றுப் பதினெட்டு தேறின. மிச்சம் இரண்டின் சொந்தக்காரர்கள் இறந்துவிட்டார்கள் என்றார் அய்யர். அந்த எண்களை நீக்கிவிட்டோம்.

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கமிட்டி புத்தகத்தைத் திருப்பி அனுப்பிவிட்டது. பிழையைப் பிழை என்று சொல்லாத நூல் மாணவருக்கு ஆகாது என்று ஒரு வரிதான் எழுதியிருந்தார்கள். முதலாளி ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. கல்யாணப் பத்திரிகை புரூப் மட்டுமே தந்தார். அய்யர் தம் செலவில் முந்நூறு பிரதி போட்டுக்கொண்டார். அதில் பதினேழாம் எண்ணுக்கு எதிரே, வலது பத்தியில், ஒன்றும் எழுதாமல் அனுப்பியிருந்தார். கம்பாசிட்டர் என்னிடம் வந்து, "இங்கன விட்டுப்போச்சே, அண்ணாச்சி" என்றான். விட்டுப்போகவில்லை, அப்படியே இருக்கட்டும் என்று ஓரத்தில் எழ்திக் கொடுத்தேன். அவசரத்தில் நானே 'எழுதி' என்பதில் ஓர் எழுத்தை விட்டுவிட்டேன் பாருங்கள், அதுவும் இருக்கட்டும்.

வெள்ளிக்கிழமை காலை வண்டியில் திரும்பினேன். மலை இறங்கி இந்தப் பக்கம் வந்ததும் வானம் வெளுத்து, காற்று உலர்ந்து, கனவு கலைந்ததுபோல் இருந்தது. எங்கள் ஊர்த் தெருவில் புழுதி பறந்தது. திருவனந்தபுரத்தில் வீடுகளைச் சுற்றி மழையும் மரமும் நெருங்கி நிற்கும். வார்த்தைகளும் அப்படியே ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து வளர்ந்திருக்கும். இங்கே எல்லாம் தள்ளித் தள்ளித் தெளிவாக நிற்கும். எது மேல் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

மாலையில் குளித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். மனைவி சோறு வைத்தாள். "மதி" என்றேன்.

அவள் கரண்டியோடு நின்றாள். "என்னது?"

"போதும்னேன்."

"அப்பம் போதும்னு சொல்ல வேண்டியதுதான?"

சொல்லியிருக்கலாம். நாலு நாளில் அந்த மலையாள வார்த்தை எப்போது என் வாயில் வந்து குடியேறியது என்று எனக்கே தெரியவில்லை. மறு வாரம் ஒரு நாள், மோர் ஊற்றிய தாயிடம் என் மகள், "மதி அம்மா" என்றாள். மனைவி என்னைப் பார்த்தாள். நான் திருத்தவில்லை.