எட்ட நின்று எடுக்கிற லென்ஸ்

என் கேமராவின் முதல் லென்ஸை அண்ணன் டீசலில் ஊறவைத்துக் கொன்றான். கொன்றான் என்று சொன்னால் இன்றைக்கும் அவனுக்குக் கோபம் வரும். காப்பாற்றப் பார்த்தேன் என்பான்.

ஏரியில் படகில் உட்கார்ந்து லென்ஸைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தபோது கை நழுவித் தண்ணீரில் விழுந்துவிட்டது. பழவேற்காடு ஏரி அந்த இடத்தில் இடுப்பளவுதான். அண்ணன் குதித்துத் துழாவி எடுத்துவிட்டான். எங்கள் குப்பத்தில் போட் இன்ஜின் உப்புத் தண்ணீரில் முழுகிப்போனால் முதல் வேலையாக நல்ல தண்ணீரில் அலசுவார்கள், பிறகு டீசலை ஊற்றி வைப்பார்கள். உப்பு அரிக்காமல் இருக்க அதுதான் வழி. கரைக்கு வந்ததும் நான் போனை எடுத்துக்கொண்டு, என்ன செய்யலாம் என்று தெரிந்தவர்களிடம் விசாரிக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் லென்ஸ் பெயிண்டு டப்பாவில் டீசலுக்குள் கிடந்தது.

"உப்பு ஏறலடா. ஒண்ணும் ஆவாது, எடுத்து மாட்டு" என்றான் பெருமையாக. எனக்கு வந்த ஆத்திரத்தில் டப்பாவோடு தூக்கி அவன் தலையில் ஊற்றியிருப்பேன். மூத்தவன் என்பதால் விட்டேன்.

நான் மீஞ்சூரில் ஒரு கம்பெனியில் ஒப்பந்தத்துக்கு வேலை பார்க்கிறேன். லீவு நாட்களில் சுற்றுப்பட்ட குப்பங்களில் காது குத்து, மஞ்சள் நீராட்டு என்று விசேஷங்களைப் படம் எடுப்பேன். கேமரா மூன்றாம் கையோ நான்காம் கையோ தெரியாது. அதன் ஃபிளாஷ் என்னிடம் வரும்போதே செத்திருந்தது. பந்தல் வெளிச்சத்தில் சமாளித்துவந்தேன். இப்போது லென்ஸும் போனதால், கையில் சேர்ந்திருந்த பணத்துக்கு ஒரே ஒரு லென்ஸ் வாங்கலாம் என்ற நிலைமை.

எதை வாங்குவது என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்க முடியாது. விசேஷம் எடுப்பவனுக்கு ஐம்பது எம்.எம். லென்ஸ் போதும். சின்னது, புதிதாகவே கிடைக்கும், மங்கல் வெளிச்சத்திலும் முகம் பளிச்சென்று வரும். போட்ட காசு சீக்கிரம் திரும்பிவிடும். ஆனால் என் மனதில் இருந்தது வேறு. எனக்கு அம்மாவை ஒரு படம் எடுக்க வேண்டும்.

அம்மாவின் படம் எங்களிடம் ஒன்றுகூட இல்லை. நைனா முகத்துவாரத்தில் போட் கவிழ்ந்து இறந்துபோனபோது, மாலை போட்டு வைக்க ஒரு படம் தேவைப்பட்டது. இருந்தது ஒரே ஒரு கல்யாணப் படம். ஸ்டுடியோக்காரர் அதில் நைனாவை மட்டும் வெட்டி எடுத்துப் பெரிதாக்கிக் கொடுத்தார். ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த அம்மாவின் தோளை நீலக் கலரால் மூடிவிட்டார். மீதிப் பாதி எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. தாலி அறுத்தவள் விசேஷப் படங்களில் நிற்க மாட்டாள் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அம்மா அந்த வழக்கத்தை வீட்டுக்குள்ளும் கொண்டுவந்துவிட்டாள். போனைத் தூக்கினாலே முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொள்வாள்.

"ஒரு தபா வெட்டிப் போட்டாச்சி இல்ல? மறுபடி இன்னாத்துக்கு?" என்பாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். அதனால் நாங்களும் சிரித்துவிட்டு விட்டுவிடுவோம்.

அந்த வருஷம் குப்பத்தில் இரண்டு கிழவிகள் செத்தார்கள். இரண்டு வீட்டுக்காரர்களும் ரேஷன் கார்டைக் கொண்டுவந்து, இதிலிருந்து பெரிதாக்கிக் கொடு என்று என்னிடம் நீட்டினார்கள். பெரிதாக்கினால் சாம்பல் பூசிய மாதிரி ஏதோ வந்தது. தினம் பார்த்த முகங்கள், எனக்கே அடையாளம் தெரியவில்லை. அம்மாவுக்கும் இதே கதிதான் என்று பயம் வந்துவிட்டது. அவள் வேறு இளைத்துக்கொண்டே வந்தாள். கேட்டால், "வயசாவுது, இளைக்காம இன்னா பண்றது" என்பாள்.

பாரிமுனைப் பக்கம் ஒரு சந்தில் பழைய கேமரா சாமான் விற்கும் கடைக்குப் போனேன். கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று புது ஐம்பது எம்.எம். மற்றது யாரோ பறவை எடுக்கிறவர் விற்றுவிட்டுப் போன நீள லென்ஸ். பாதி மைதானத்துக்கு அப்பால் நிற்பவனின் மீசையை எண்ணலாம். இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே விலைதான். நீள லென்ஸில் போன் டார்ச்சை ஒரு பக்கம் அடித்து மறுபக்கம் பார்த்தேன். பூஞ்சை இருந்தால் நூல் நூலாகத் தெரியும். தெரியவில்லை. வளையத்தைத் திருப்பினால் மட்டும் கொஞ்சம் கரகரவென்றது.

"இன்னா தம்பி எடுக்கப் போறீங்க?" என்று கேட்டார்.

"பறவைங்க."

"வெயில்ல நல்லா எடுக்கும். வூட்டுக்குள்ள, சாயங்காலத்துல எல்லாம் சரிப்படாது. அப்புறம் வந்து சண்ட போடக்கூடாது."

சண்டை போட மாட்டேன் என்று சொல்லிவிட்டு அதையே வாங்கினேன். அம்மாவுக்குத் தெரியாமல், எட்ட நின்று, அவள் முகம் இயல்பாக இருக்கும்போது எடுத்துவிட வேண்டும் என்பதுதான் திட்டம். அண்ணனிடமும் பறவை என்றுதான் சொன்னேன். அவன் லென்ஸைத் தூக்கிப் பார்த்தான்.

"பைத்தியமாடா உனுக்கு? இத்த வெச்சிக்கினு மணமேடைல இன்னாத்த எடுப்ப? பொண்ணு மூக்கு மட்டும்தான் வரும்" என்றான். டீசல் ஊற்றியவன் பேசுகிற பேச்சைப் பார் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில், கரையில் ஏற்றிப் போட்டிருந்த ஃபைபர் போட்டுகளுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். தூரத்தில் மணலில் பெண்கள் நெத்திலி காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். வியூஃபைண்டரில் அம்மா பக்கத்தில் வந்து நின்ற மாதிரி தெரிந்தாள். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். காதோரத்து நரை, மூக்குத்தி இருந்த இடத்தின் துளை, எல்லாம் தெரிந்தன. யாரிடமோ ஏதோ சொல்லிச் சிரித்தாள். அழுத்துவதற்குள் திரும்பிவிட்டாள். போகட்டும், நேரம் இருக்கிறது என்று காத்திருந்தேன்.

மற்றவர்கள் டீ குடிக்கப் போனார்கள். அம்மா போகவில்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு சவுக்குத் தோப்பு ஓரமாக வந்தாள். என் லென்ஸுக்கு நேராக வந்தாள். நான் அழுத்த ஆரம்பித்தேன். இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். யாரும் இல்லை என்று தெரிந்ததும் கூடையை இறக்கிவிட்டு மண்டி போட்டாள். ஒரு கையை முஷ்டியாக்கி அடிவயிற்றில் வைத்து அதன்மேல் கவிழ்ந்தாள். முந்தானையைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டாள். அந்த முகத்தை நான் அதற்கு முன்பு பார்த்ததே இல்லை. என் விரல் மட்டும் அது பாட்டுக்கு அழுத்திக்கொண்டிருந்தது.

கேமராவைப் போட்டுவிட்டு ஓடினேன். மணலில் எவ்வளவு வேகமாக ஓட முடியும்? நான் போய்ச் சேருவதற்குள் அவள் எழுந்து, கூடையைத் தலையில் வைத்து, சேலையைச் சரி செய்துவிட்டாள்.

"இன்னாடா இப்பிடி ஓடியார? துன்னியா இல்லியா?" என்றாள். அதே வீட்டு முகம். வலியின் சுவடு துளிகூட இல்லை. துன்னேன் என்று சொன்னேன்.

சாயங்காலம் அண்ணனிடம் படங்களைக் காட்டினேன். ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தான். "நம்ம அம்மாவாடா இது?" என்று கேட்டான். மறுநாளே அடம் பிடித்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனோம். அங்கிருந்து சென்னைக்கு அனுப்பினார்கள். கர்ப்பப்பையில் கட்டி, அதையும் தாண்டிப் பரவிவிட்டது. இவ்வளவு நாள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று அம்மாவை விட்டுவிட்டு எங்களைக் கேட்டார் டாக்டர். ஒரே கூரைக்குக் கீழே அவள் போட்ட சோற்றைத் தின்றுகொண்டு, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

இனிமேல் செய்வதற்கு ஒன்றும் இல்லை என்றதும் வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டோம். படுக்கையில் கிடந்தவள், எனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் சொன்னேன். படங்களைக் காட்டச் சொன்னாள். கேமராவைக் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு, கண்ணைச் சுருக்கி வெகு நேரம் பார்த்தாள்.

"எல்லாத்தியும் அழிச்சிடு. நாளைக்கிப் பொறக்கிற பேரப் பசங்க இந்த மூஞ்சிய பாக்கக்கூடாது" என்றாள். அவள் கண் முன்னாலேயே ஒவ்வொன்றாக அழித்தேன். கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள்.

"இப்ப எடு" என்றாள்.

போனை எடுத்தேன். "போன் வேணாம். துட்டு போட்டு வாங்கியாந்த இல்ல, அதுலயே எடு. காலு வரிக்கும் வரணும்" என்றாள். எழுந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். என்னைத் தலை வாரிவிடச் சொன்னாள். மத்தியான நேரம், கரண்ட் வேறு இல்லை. எங்கள் வீடு ஒற்றை அறை. அந்த லென்ஸில் பார்த்தால் அவள் முகத்துக்கும் கழுத்துக்கும் மேல் எதுவும் அடங்கவில்லை. பின்னால் நகர்ந்தேன். சுவர் இடித்தது. வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போனேன். எதிர்வீட்டுச் சுவரில் முதுகு முட்டிய பிறகுதான் கால்வரை வந்தது. உள்ளே போதிய வெளிச்சம் இல்லை. கேமராவில் வெளிச்ச அளவை ஏற்ற முடிந்தவரை ஏற்றியும் படம் பதிய ஒரு விநாடி போலத் தேவைப்பட்டது; அதற்குள் எது அசைந்தாலும் கலைந்துவிடும். கை ஆடக்கூடாது என்று இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அதன் முதுகில் கேமராவை அழுத்தி வைத்தேன்.

"ஆடாம இரும்மா" என்று தெருவிலிருந்து கத்தினேன்.

"நான் எங்கடா ஆடறேன்?" என்றாள். சிரித்தாள். நான் சரிசெய்து முடிக்கும்வரை அந்தச் சிரிப்பைக் கலைக்காமல் வைத்திருந்தாள். ஒன்று எடுத்தேன். உடனே அவள் கையைக் காட்டி நிறுத்திவிட்டாள்.

திரையில் பார்த்தேன். பின்னால் தொங்கிய காலண்டரின் எழுத்துகளைப் படிக்க முடிந்தது. நாற்காலியின் கால்கள், தரையிலிருந்த சொம்பு எல்லாமே கூர்மையாக இருந்தன. அம்மா மட்டும் கலைந்திருந்தாள். சிரிப்பு இருந்த இடத்தில் இரண்டு மூன்று வாய்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருந்தன. அவ்வளவு வலியோடு உட்கார்ந்திருக்கிறாள்.

உள்ளே வந்தேன். அவள் படுத்துவிட்டாள். திரையைக் கண்ணுக்கு அருகில் காட்டினேன். கிட்டத்தில் இருப்பது அவளுக்குச் சரியாகத் தெரியாது.

"நல்லா கீறேனா?"

"ஷோக்கா கீறம்மா."

"அப்போ இத்தயே மாட்டுங்க. இன்னொரு தபா ஒக்கார முடியாது."

அவள் போன பிறகு அந்தப் படத்தைத்தான் பெரிதாக்கினேன். ஆணி அடித்து மாட்டிவிட்டு அண்ணன் கீழே இறங்கிவந்து பார்த்தான்.

"ஒரே ஒரு படம். அதுலயும் கை ஆடிடுச்சாடா உனுக்கு?" என்று கேட்டான்.

"ஆமாண்ணா" என்றேன். "கை ஆடிடுச்சி."