வட்டி ஏறிய வருடம் பிள்ளையார் காத்த வீடு

அடியார்களே, வீடு கைவிட்டுப் போகும் என்று நான் முடிவுகட்டியிருந்த காலத்தைச் சொல்கிறேன். பெற்றோலுக்கும் எரிவாயுவுக்கும் சனம் வரிசையில் நின்ற வருடம் அது. என் கணவர் வாடகைக்கு ஆட்களை ஏற்றி வான் ஓட்டுபவர். வான் வரிசையில் நின்றது, வட்டி நிற்கவில்லை. வீட்டுக் கடனுக்கான மாதக்கட்டு ஏறக்குறைய இருமடங்காகிவிட்டது. எங்கள் ஊர் சண்டிலிப்பாயில் அப்பா எனக்குச் சீதனமாகத் தந்த காணியில் கட்டிய வீடு. அதன் உறுதிப்பத்திரம் வங்கியில் ஈடாகக் கிடந்தது.

எங்கள் ஊரில் ஆளுக்கு ஆள் ஈடு வைத்தால், உறுதியில் எழுதிய வட்டி மீட்கும்வரை அதேதான். வங்கியும் அப்படித்தான் என்று நினைத்துக் கையெழுத்து வைத்தோம். ‘மாறும் வட்டி’ என்று தெளிவாகவே எழுதியிருந்தது. மாறினால் குறையும் என்று நினைத்த புத்திசாலிகள் நாங்கள்.

தவணைகள் தவறின. ஏலம் பற்றிக் கடிதம் வந்தது. வங்கிக்குப் போய்க் கேட்கவும் வெட்கம். ஒருநாள் மத்தியானம் சோற்றைப் பிசைந்தபடி கணவர் சொன்னார்:

“நான் செத்தால் கடன் கழியுமாம். கடனுக்கு ஆயுள் காப்புறுதி இருக்காம்.”

கோபமில்லை, அழுகையில்லை. மனுசன் தன் உயிரைக் கணக்குப் பார்த்திருக்கிறார்.

அது பிள்ளையார் பெருங்கதை விரதகாலம். கோயிலுக்கு ஓடினேன். “வட்டி ஏறட்டும், இறங்கட்டும். இந்த மனுசனை எனக்கு விட்டுத் தா” என்று வாய்விட்டு அழுதேன். கதை படித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்தநாள் எங்கிருந்தோ வந்த துணிவில் வங்கிக்குப் போனேன். கடன் பகுதியில் இருந்த பிள்ளை பொறுமையாக விளங்கப்படுத்தினாள். டொலர் இல்லாமல் ரூபாய் விழ, விலைவாசி ஏறியதாம். அதை அடக்க மத்திய வங்கி வட்டியைக் கூட்டியதாம். வைப்புக்காரருக்கு வங்கி கூடுதலாகக் கொடுக்க வேண்டும், அது கடன்காரர் தலையில் விடியும். விலைவாசி அடங்கினால் வட்டியும் இறங்குமாம். அதுவரை வாங்கிய கடன் முதலின் ஒரு பகுதியைக் கட்டினால், மிச்சத்துக்குக் காலத்தை நீட்டி மாதக்கட்டைக் குறைக்கலாம் என்றாள். முன்னமே வந்திருக்கலாமே அன்ரி என்றும் சொன்னாள்.

முதலுக்குக் காசு எங்கே? எனக்கும் அண்ணைக்கும் பொதுவாகப் பிரிக்காமல் கிடந்த தோட்டக்காணியில் என் பங்கை விற்க நினைத்தேன். வெளிநாட்டிலிருக்கும் ஒருவர் கேட்டிருந்தார். ஆனால் எங்கள் தேசவழமைச் சட்டப்படி மற்றப் பங்குக்காரருக்கு முதலில் அறிவிக்க வேண்டும் என்று உறுதி எழுதும் நொத்தாரிசு சொல்லிவிட்டார். அண்ணையோடு கதைத்து வருடங்களாகியிருந்தன. தோட்டக் கிணற்றில் யார் எப்போது தண்ணீர் இறைப்பது என்பதில் வந்த சண்டை. பக்கத்து வளவிலேயே குடியிருந்தும் முகம் பார்ப்பதில்லை. அறிவித்தல் போனதும் வாசல் படலையில் வந்து கத்தப்போகிறார் என்று நடுங்கினேன்.

படலையில்தான் வந்து நின்றார். கத்தவில்லை. ஏன் விற்கிறாய் என்று கேட்டார். கணவர் சொன்னதையும் சேர்த்து எல்லாவற்றையும் கொட்டினேன். படலையைத் தள்ளித் திறந்தபடி சொன்னார்:

“விக்காதை. உன்ரை பங்கை எனக்கு ஒற்றிக்குத் தா. வெங்காயம் வித்த காசு கிடக்கு. ஏலுமான காலத்திலை திருப்பித் தந்திட்டுக் காணியை எடு.”

ஒற்றியில் காசுக்கு வட்டியில்லை, அவர் காணியில் பயிர் செய்து பலனை எடுப்பார். எந்த மத்திய வங்கி கூட்டினாலும் அது ஏறாது. பிறகு அண்ணை உள்ளே போய் என் கணவருக்குப் பக்கத்தில் இருந்தார். அவரை வான் ஓட்டத்துக்குத் தனியே போகவிடாமல் பல நாள் கூடவே போனார்.

அந்தக் காசை வங்கியில் கட்டியதும் ஏலம் நின்றது. பின்னர் வட்டி இறங்கிய செய்தி வந்ததும் நாங்களே போய்க் கேட்டோம், குறைத்தார்கள். கேட்காதிருந்தால் எப்போது குறைத்திருப்பார்களோ தெரியாது. கடன் இன்னும் கிடக்கிறது. காணி இன்னும் மீளவில்லை. கணவர் பழையபடி சிரிப்பதுமில்லை. ஆனால் இருக்கிறார். ஒவ்வொரு விடியலிலும் அவருடைய இருமல் சத்தம் கேட்கும்போது கும்பிடுகிறேன்.

உங்கள் வீட்டிலும் ஒருவர் பேச்சுக் குறைந்து இருந்தால் காத்திருக்காதீர்கள். பிள்ளையாரிடம் அழுங்கள். அழுதுவிட்டு எழும்பி வங்கிக்குப் போங்கள். கதையாத சகோதரத்தின் படலையையும் தட்டுங்கள். நான் தட்டவில்லை, சட்டம் எனக்காகத் தட்டியது. அதையும் பிள்ளையாரே செய்வித்தார் என்று நம்புகிறேன்.